பெயர் சொல்லாத பதில்: சார்லி வான்வெளிக்குள் முந்தி நுழைந்த ஒரு மாணவ விமானி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் பயிற்றுநர் நான்தான். அதனால் எட்டி நின்று பார்த்தவன் போல எழுதப்போவதில்லை. நடந்த தவறில் பாதி என் கணக்கில் வரும். நடந்தது அமெரிக்காவில், ஆட்கள், ஊர்கள், விமான நிலையங்கள் எதையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

மாணவருக்கு அப்போது 38 மணி நேரப் பறத்தல் அனுபவம். தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி. விமானம் செஸ்னா 172. தனியாக ஏறி இறங்குவதில் நல்ல தேர்ச்சி, வானொலியில் தெளிவான பேச்சு, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். அடுத்த கட்டம் முதல் தனி நெடும்பயணம், அதாவது 50 கடல் மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் இன்னொரு நிலையத்தில் தனியாகப் போய் இறங்கிவிட்டு வருவது.

நாங்கள் பறக்கும் நிலையத்தில் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) கிடையாது. தென்மேற்கே 22 மைலில் ஒரு பெரிய நிலையம், அதைச் சுற்றி சார்லி என்ற வகைக் கட்டுப்பாட்டு வான்வெளி. அதே நேர்க்கோட்டில் இன்னும் 33 மைல் போனால் சேரவேண்டிய இடம். அங்கே டவர் உண்டு, டெல்டா வான்வெளி. ஆக மொத்தம் 55 மைல், நடுவில் சார்லி.

வான்வெளி வகைகளை ஏற்கெனவே படித்தவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

விதி என்ன கேட்கிறது

வான்வெளி வகைகளுக்கு ஆங்கில எழுத்துகளின் வானொலிப் பெயர்களே பெயர். ஆல்ஃபா 18,000 அடிக்கு மேலே தொடங்குவது; மாணவருக்கு அங்கே வேலை இல்லை. பிராவோ மிகப் பரபரப்பான நிலையங்களைச் சுற்றியது. உள்ளே போக வெளிப்படையான கிளியரன்ஸ் (நுழைய அனுமதி) வேண்டும், மாணவ விமானி தனியாகப் போவதென்றால் அந்தக் குறிப்பிட்ட பிராவோவுக்காகவே பயிற்சி பெற்று 90 நாளுக்குள் பயிற்றுநர் கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும். டெல்டா டவர் உள்ள சிறு நிலையம், வழக்கமாகத் தரையிலிருந்து 2,500 அடி உயரம் வரை. எக்கோவுக்கும் கோல்ஃபுக்கும் தெளிந்த வானிலையில் பறப்பவர் யாரிடமும் பேசியாக வேண்டியதில்லை.

சிக்கல் சார்லியில். சாதாரணமாக அது இரண்டு அடுக்குக் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். உள்வட்டம் 5 மைல், தரையிலிருந்தே தொடங்கும். வெளிவட்டம் 10 மைல், நிலையத்தின் மட்டத்துக்கு 1,200 அடி மேலே தொடங்கும். இரண்டும் நிலையத்துக்கு 4,000 அடி மேலே வரை போகும். எங்கள் வழியில் இருக்கும் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 600 அடி. ஆகவே வரைபடத்தில் மஜெந்தா கோட்டுக்குள் வெளிவட்டத்தில் 46, அதற்குக் கீழே 18 என்று போட்டிருக்கும்: 1,800 முதல் 4,600 அடி வரை சார்லி.

உள்ளே போக என்ன வேண்டும்? விதித்தொகுப்பின் 91.130 பிரிவு கேட்பது, நுழையும் முன்பே கட்டுப்பாட்டு நிலையத்துடன் இருவழி வானொலித் தொடர்பு ஏற்பட்டிருக்க வேண்டும், உள்ளே இருக்கும்வரை அது தொடர வேண்டும் என்பதுதான். ரேடாருக்கு விமானத்தின் எண்ணையும் உயரத்தையும் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் வேண்டும். 2020 ஜனவரி முதல், இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி கருவியும் வேண்டும். கிளியரன்ஸ் என்ற சொல்லே அந்தப் பிரிவின் இந்தக் கோரிக்கையில் வராது.

சரி, இருவழித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அதற்கான விளக்கம் விதியில் இல்லை, விமானிகளுக்கான தகவல் கையேட்டில் இருக்கிறது. கன்ட்ரோலர் (தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துபவர்) உங்கள் கால்சைனை, அதாவது வானொலியில் உங்கள் விமானத்தின் பெயரைச் சொல்லி 'ஸ்டாண்ட்பை' (காத்திருங்கள்) என்றால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, போகலாம். கால்சைன் இல்லாமல் 'ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை' (அழைக்கும் விமானமே, காத்திருங்கள்) என்றால் ஏற்படவில்லை, வெளியே நிற்க வேண்டும். கால்சைனைச் சொல்லிவிட்டு 'ரிமெய்ன் அவுட்சைட்' என்றாலும் வெளியேதான்.

இந்த நிகழ்வு முழுவதும் கால்சைன் என்ற அந்த ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பதைப் பற்றியது.

பயணத் திட்டம்

மூன்று வழிகளை மேசையில் விரித்துப் பார்த்தோம். மேலே போவதென்றால் தென்மேற்குத் திசைக்குரிய உயரம் 6,500 அடி; அன்றைய முன்னறிவிப்பில் 5,500 அடியருகே மேகம், ஆகவே கழிந்தது. 4,500 அடி எப்படியும் சார்லிக்குள்தான் விழும். கிழக்கே சுற்றிப் போகலாம், கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். நேரே போகலாம், 3,500 அடியில். நிலத்திலிருந்து 3,000 அடிக்குக் குறைவு என்பதால் திசைக்கேற்ற உயர விதி அங்கே பொருந்தாது.

நேரே போவதை நான் தேர்ந்தெடுத்தேன். காரணம், அதே வழியில் இரண்டு முறை நாங்கள் சேர்ந்து போயிருந்தோம். இரண்டு முறையும் மாணவரே வானொலியில் பேசினார். இரண்டு முறையும் கன்ட்ரோலர் முதல் அழைப்பிலேயே கால்சைனைச் சொல்லி டிரான்ஸ்பாண்டர் எண் கொடுத்தார். நான் வலது இருக்கையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும் முன் வாய்மொழியாகக் கேள்விகள் கேட்டேன். சார்லிக்குள் போக என்ன வேண்டும் என்றேன். "இருவழி வானொலித் தொடர்பு, டிரான்ஸ்பாண்டர், ஏ.டி.எஸ்-பி" என்று தயங்காமல் சொன்னார். சரி என்று தலையாட்டிப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்று காலை

பார்வைத் தூரம் பத்து மைலுக்கு மேல், லேசான காற்று. 9:40க்கு ஏறினார். திட்டப்படி பெரிய நிலையத்துக்கு 15 மைலில் அப்ரோச்சை, அதாவது சார்லியைக் கவனிக்கும் ரேடார் கட்டுப்பாட்டை, அழைக்க வேண்டும். பெரிய நிலையத்தின் தானியங்கி வானிலை அறிவிப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே அது புதிய அறிவிப்புக்கு மாறிவிட்டது. மறுபடி கேட்டார். அப்புறம் அப்ரோச் அலைவரிசைக்கு வந்தால் அங்கே இடைவெளியே இல்லை. வருகிற விமானங்களுக்கு ஹெடிங் (பறக்கும் திசை), உயரம், ஹெடிங், உயரம் என்று கன்ட்ரோலர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். மாணவர் ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்து, ஒரு சின்ன மௌனம் கிடைத்ததும் பொத்தானை அழுத்தினார். அப்போது 13 மைல்.

அப்ரோச்சின் பெயர், தன் கால்சைன், மாணவ விமானி என்ற அறிவிப்பு, 13 மைல் வடகிழக்கு, 3,500 அடி, போகுமிடம். ஒழுங்கான அழைப்பு. பதில் வந்தது: "ஏர்கிராஃப்ட் காலிங் அப்ரோச், ஸ்டாண்ட்பை."

மாணவர் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். தரைவேகம் 100 நாட். வெளிவட்டத்துக்கு மூன்று மைல், அதாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர் என்ஜின் அளவீடுகளைப் பார்த்தார், எரிபொருள் கலவையைச் சற்றே சரிசெய்தார், அடுத்த நிலக்குறியைத் தேடினார். தொடையில் கட்டியிருந்த டேப்லெட்டில், முன்னால் வான்வெளி என்ற மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை எழும்பியது. ஆள்காட்டி விரலால் தட்டி அதை அணைத்தார்.

அந்த விரலசைவை அவர் என்னிடம்தான் கற்றார். சேர்ந்து போன இரண்டு பயணங்களிலும் அதே இடத்தில் அதே பட்டை எழுந்தது, திரையை மறைக்கிறதே என்று நான்தான் கை நீட்டித் தட்டிவிட்டேன்.

எட்டாவது மைல்

கோட்டைத் தாண்டி ஒரு நிமிடம் சொச்சம். கன்ட்ரோலரின் குரல் மாறியது. ஒரு ஜெட் விமானத்தை 3,000 அடிக்கு இறக்கவிருந்தவர் 4,000 அடியிலேயே நிறுத்தி, திசையும் மாற்றினார். பிறகு பொதுவாக அழைத்தார்: நிலையத்துக்கு வடகிழக்கே எட்டு மைலில், 3,500 அடியில், 1200 எண்ணுடன் வரும் விமானமே, இந்த அலைவரிசையில் இருந்தால் ஐடென்ட் அழுத்தவும். (1200 என்பது தனி எண் பெறாத விமானங்களின் பொது டிரான்ஸ்பாண்டர் எண்; ஐடென்ட் அழுத்தினால் ரேடார் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும்.)

மாணவருக்கு அது தன்னைத்தான் என்று உடனே புரிந்தது. ஐடென்ட் பொத்தானை அழுத்தினார், கால்சைனைச் சொன்னார். கன்ட்ரோலர் அந்தக் கால்சைனைத் திருப்பிச் சொல்லி, ரேடாரில் தெரிகிறீர்கள், நீங்கள் சார்லிக்குள் இருக்கிறீர்கள், ஹெடிங் 120க்குத் திரும்புங்கள் என்றார். திரும்பினார், சொன்னதைத் திருப்பிச் சொன்னார். முதல் அழைப்பிலிருந்து இதுவரை மொத்தம் மூன்று நிமிடம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவறு வெளிப்பட்ட அந்த நொடியிலிருந்து அவர் செய்தது எல்லாம் சரி. விளக்கம் சொல்லி அலைவரிசையை அடைக்கவில்லை. வெளியே போகிறேன் என்று தன்னிச்சையாக மூக்கைத் திருப்பவும் இல்லை. அப்படித் திருப்பியிருந்தால் கன்ட்ரோலர் ஜெட்டுக்குப் போட்டிருந்த கணக்கு மறுபடி குலைந்திருக்கும். ஜெட்டுக்கும் செஸ்னாவுக்கும் ஆபத்தான நெருக்கம் ஏற்படவில்லை.

சார்லியின் தென்மேற்கு விளிம்பைத் தாண்டும்போது கன்ட்ரோலர், முடிந்தபோது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, விதிமீறலாக இருக்கக்கூடும், தரையிறங்கியதும் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அப்புறம் ரேடார் சேவை முடிந்தது, 1200க்கு மாறுங்கள், அலைவரிசை மாற்றலாம் என்று விடைகொடுத்தார். முழங்கால் பலகையில் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வேறொருவர் எழுதியதுபோல் கோணலாக இருந்தது. பிறகு பார்த்தேன்.

டெல்டாவின் வாசலில்

சேரவேண்டிய நிலையத்தின் டெல்டாவுக்கும் அதே விதிதான்: நுழையும் முன் இருவழித் தொடர்பு. பத்து மைலில் டவரை அழைத்தார். டவர் அவர் கால்சைனைச் சொல்லி 'ஸ்டாண்ட்பை' என்றது.

இப்போது அவர் போயிருக்கலாம். கால்சைன் வந்துவிட்டது, தொடர்பு ஏற்பட்டுவிட்டது. ஆனால் ஆறாவது மைலில் இடதுபக்கம் சாய்த்து வட்டமடிக்கத் தொடங்கினார். இரண்டு வட்டம், நான்கு நிமிடம். பிறகு டவரே அழைத்து, இடது டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் கட்டம்) சேரச் சொன்னது.

பின்னர் இதைக் கேட்ட சக பயிற்றுநர் ஒருவர், பார், இங்கேயும் விதி தெரியவில்லை, இரண்டு இடத்திலும் தலைகீழாகச் செய்திருக்கிறார் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகலாம் என்று விதி சொல்வதால் போயே ஆக வேண்டும் என்றில்லை. பதறியிருக்கும் ஒருவர் தனக்கு நான்கு நிமிடம் வாங்கிக்கொண்டது நல்ல முடிவு. இரண்டு 'ஸ்டாண்ட்பை'க்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு அப்போது தெரியாது என்பது மட்டும் உண்மை.

தரையிறங்கிய பிறகு

10:25 வாக்கில் எனக்கு அழைப்பு. எங்கள் இருவருக்கும் தமிழ்தான் வீட்டுமொழி. "சார், இறங்கிட்டேன். ஆனா நம்பர் குடுத்துட்டாங்க" என்றார். விமானம் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று முதலில் கேட்டேன். வைத்தாயிற்று.

மூன்று முடிவுகள் அடுத்த ஒரு மணி நேரத்தில் எடுத்தோம்.

முதலாவது, யாரிடமும் பேசும் முன் நடந்ததை வரிசையாக எழுதுவது. நேரம், மைல், உயரம், யார் என்ன சொன்னார்கள். நினைவு சீக்கிரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது, அந்த எண்ணுக்கு அழைப்பதா என்பது. சொல்வது பின்னால் ஆதாரமாகலாம், வழக்கறிஞரைக் கேட்காமல் வாயைத் திறக்காதே என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. காயமோ சேதமோ ஏற்பட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். மாணவரிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லி, முடிவு அவருடையது என்றேன். அவர் அழைத்தார். பேசிய மேற்பார்வையாளர் பெயர், உரிமம், பயிற்றுநர் விவரம் கேட்டுக்கொண்டு, ஒலிப்பதிவைப் பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மூன்றாவது, திரும்பி வருவது. தனியாகத் திரும்ப நான் சம்மதிக்கவில்லை. என் கையெழுத்து ஒரு குறிப்பிட்ட திட்டத்தைப் பார்த்துப் போட்டது. அந்தத் திட்டத்தில் ஓட்டை இருப்பது தெரிந்த பிறகு அதன்மேல் இன்னொரு பயணம் போவது சரியல்ல. சக பயிற்றுநர் ஒருவர் தன் விமானத்தில் என்னைக் கொண்டுபோய் இறக்கினார். பிற்பகலில் நானும் மாணவரும் சேர்ந்து திரும்பினோம். 20 மைலிலேயே அழைக்கச் சொன்னேன், காத்திருக்க வேண்டி வந்தால் எங்கே வட்டமடிப்பது என்று இடமும் குறித்துவைத்தோம். அழைத்த மாத்திரத்தில் கால்சைன், எண், ரேடார் கான்டாக்ட் (ரேடாரில் தெரிகிறீர்கள்) எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. பாடம் வேண்டும் என்று போனால் வானம் சில நாள் ஒத்துழைக்காது.

அன்று இரவு இருவரும் தனித்தனியே நாசாவுக்கு அறிக்கை அனுப்பினோம். விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை என்று 1976 முதல் நாசா நடத்திவருவது. வேண்டுமென்றே செய்யாத மீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தால், குற்றமோ விபத்தோ சம்பந்தப்படாதவரை, முந்தைய ஐந்து ஆண்டில் மீறல் தீர்ப்பு இல்லாதவரை, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. மீறல் என்று முடிவு செய்தாலும் தண்டனையை விதிக்காது. மாணவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பயிற்றுநரும் அனுப்பலாம் என்பது பயிற்றுநர்கள் சிலருக்கே தெரியாது.

ஒலிப்பதிவில் இருந்தது

அந்த அலைவரிசையின் பதிவை இரண்டு நாள் கழித்துச் சேர்ந்து கேட்டோம். மாணவர் எழுதிவைத்த குறிப்பில், கன்ட்ரோலர் தன் கால்சைனைச் சொல்லி ஸ்டாண்ட்பை என்றதாக இருந்தது. தரையிறங்கி அரை மணிக்குள் எழுதியது அது. பொய்யில்லை, அவர் அப்படித்தான் கேட்டார்.

பதிவில் கால்சைன் இல்லை. மூன்று முறை ஓட்டினோம். மூன்றாவது முறை மாணவர் காதொலிக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய இரண்டு நொடி. மாணவர் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் இன்னொரு விமானமும் அழுத்தியிருக்கிறது. இரண்டும் மோதி ஒரு கீச்சொலி. அதற்குள் அவருடைய கால்சைன் போய்விட்டது. மிஞ்சியது "மாணவ விமானி, 13 மைல் வடகிழக்கு" என்ற வால் பகுதி. தான் பேசும்போது பிறர் பேசுவது தனக்குக் கேட்காது, ஆகவே அவருக்கு இது தெரிய வழியே இல்லை. கன்ட்ரோலருக்கோ கால்சைனே கிடைக்கவில்லை, எப்படிச் சொல்வார்? அந்த 'ஏர்கிராஃப்ட் காலிங்' இரண்டு விமானங்களில் எதைக் குறித்தது என்றுகூட அவருக்கே தெரிந்திருக்காது.

கால்சைன் கேட்கிற விதி வெறும் சம்பிரதாயம் என்று அதுவரை நினைத்திருந்தவர் மாணவர் மட்டுமில்லை. நானும் அதை மனப்பாட வித்தையாகத்தான் கற்பித்து வந்தேன்: பிராவோவுக்குக் கிளியரன்ஸ், சார்லிக்கும் டெல்டாவுக்கும் கால்சைன். அன்றுதான் அந்த வார்த்தையின் வேலை காதில் விழுந்தது. நான் பேசியது அவருக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் பேசுவது எனக்குத்தான் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் உறுதி செய்கிற வேறெதுவும் அந்த அலைவரிசையில் கிடையாது.

மாணவருக்குத் தமிழில் இப்படிச் சொன்னேன். கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து "யாரது, இருங்க" என்று குரல் வருகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு போவோமா? அவர் சிரித்தார், பிறகு ஒரு கேள்வி கேட்டார்: பெயரைச் சொல்லி "இருங்க" என்றாலும் வாசலில்தானே நிற்போம், இங்கே மட்டும் ஏன் போகலாம்? உவமை அங்கே உடைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். சார்லியில் பெயர் கேட்டதே திறந்த கதவு. வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்வது கன்ட்ரோலரின் பொறுப்பு.

ஏன் இப்படி நடந்தது

விதி தெரியாமல் நடந்ததில்லை. விதியின் சொற்களை அவர் என்னைவிட நன்றாக ஒப்பித்தார். ஆனால் விதி 'இல்லை' என்று சொல்லும் தருணத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சேர்ந்து போன இரண்டு முறையும் எல்லாம் எளிதாக அமைந்தது. அப்படி அமைந்த பயிற்சி கற்றுக்கொடுத்தது விதியை அல்ல, ஒரு வரிசையை: அழை, குரல் வரும், போ. அன்று அழைத்தார், குரல் வந்தது, போனார்.

இரண்டாவது காரணம் இடம். 13 மைலில் அழைத்தவருக்குக் கையில் இருந்தது 1 நிமிடம் 48 நொடி. அதற்குள் காத்திருந்து, மறுபடி அழைத்து, கிடைக்காவிட்டால் திரும்ப முடிவெடுத்துத் திரும்பியும் ஆக வேண்டும். எங்கே திரும்புவது என்று முன்பே முடிவு செய்யாதவர் அந்த இரண்டு நிமிடத்தில் புதிதாக முடிவெடுக்க மாட்டார், போய்க்கொண்டிருப்பதைத் தொடர்வார். அனுபவசாலிகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, அந்த மஞ்சள் பட்டை. அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கோட்டுக்குள் இரண்டு மைல் போனதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மாணவரின் நண்பர் ஒருவர் கேட்டாராம். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் ஊரின் மேல் ஏரோமெக்சிகோவின் டி.சி-9 விமானமும் ஒரு சின்னஞ்சிறு பைப்பரும் மோதின. இன்று பிராவோ என்று அழைக்கிற வகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் பைப்பர் கிளியரன்ஸ் இல்லாமல், தவறுதலாக நுழைந்திருந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரம் சொல்லாத வகை. விமானங்களில் 67 பேர், தரையில் 15 பேர், ஆக 82 பேர் இறந்தார்கள். உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் பரபரப்பான நிலையங்களைச் சுற்றிக் கட்டாயமானதற்குப் பின்னால் அந்த விபத்து இருக்கிறது. எங்கள் நிகழ்வில் கன்ட்ரோலர் "3,500 அடியில் வரும் விமானமே" என்று சொல்ல முடிந்ததும், ஜெட்டை 4,000 அடியிலேயே நிறுத்த முடிந்ததும் அந்தக் கருவியால்தான்.

விசாரணையும் முடிவும்

சில வாரங்கள் கழித்து எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் அழைத்தார். மாணவரிடம் நாற்பது நிமிடம் பேசினார். அப்புறம் என்னிடம். என் பதிவேட்டுக் குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு பயணத்துக்கும் எதிரே 'சார்லி வான்வெளிப் பயிற்சி' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இதில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். போனோம், வந்தோம் என்பதைத் தவிர என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சட்ட நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. வேண்டுமென்றே செய்ததல்ல, ஒத்துழைத்தார்கள், திருத்திக்கொள்ளத் தயார் என்ற அடிப்படையில் கூடுதல் பயிற்சியோடு முடித்தார்கள். இரண்டு மணி நேர வகுப்பு, ஒரு பறத்தல், இரண்டுக்கும் எழுத்துப் பதிவு.

மாற்றிக்கொண்டவை

அந்த இரண்டு மணி நேர வகுப்பை நாற்காலிகளோடு நடத்தினேன். இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு, முகம் பார்க்காமல் உட்கார்ந்து, நான் கன்ட்ரோலர். ஒவ்வொரு பதிலுக்கும் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று மட்டும் மாணவர் சொல்ல வேண்டும். கால்சைனோடு டிரான்ஸ்பாண்டர் எண்: சார்லிக்கு உள்ளே, பிராவோவுக்கு வெளியே. கால்சைனோடு ரேடார் கான்டாக்ட்: பிராவோவுக்கு இன்னும் வெளியேதான், கிளியரன்ஸ் என்ற சொல் வரவில்லை. வேறொரு விமானத்தின், கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள கால்சைன்: இதில் பாதிப் பேர் விழுகிறார்கள். மௌனம்: வெளியே. இப்போது எல்லா மாணவர்களுக்கும் இதைச் செய்கிறேன். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்கூட முதல் சுற்றில் மூன்று நான்கு இடத்தில் தடுமாறுவார்கள்.

அழைக்கும் தூரம் 20 மைலாயிற்று. அதோடு, பென்சிலால் வரைபடத்தில் ஒரு திரும்புமிடம் குறிக்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. அது மேலிருந்து பார்த்தால் தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வழியில் வட்டத்துக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. கால்சைன் காதில் விழாமல் அந்தக் கரையைத் தாண்டக் கூடாது. முடிவு தரையிலேயே எடுத்தாயிற்று, மேலே செய்ய வேண்டியது திருப்புவது மட்டும்.

சேர்ந்து போகும் பயணங்களில் ஒன்றிலாவது, எல்லாம் நன்றாகப் போனாலும், வேண்டுமென்றே வெளியே ஒரு வட்டம் அடிக்கவைக்கிறேன். டேப்லெட் எச்சரிக்கையை அணைக்கும் முன் அதில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பதிவேட்டில் 'சார்லி வான்வெளிப் பயிற்சி' என்ற ஒற்றை வரியை விட்டுவிட்டு, என்ன பதில் வந்தது, மாணவர் என்ன செய்தார் என்று எழுதுகிறேன்.

முதல் தனிப்பயணத்தைச் சார்லி வழியாக அனுப்பியதே தவறு, கிழக்கே சுற்றி அனுப்பியிருக்கலாம் என்று சக பயிற்றுநர் இன்றும் சொல்கிறார். பத்து நிமிடம்தானே என்பது அவர் வாதம். எனக்கு முழுதாக உடன்பாடில்லை. உரிமம் கையில் வந்த மறுவாரம் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவர் அதே சார்லிக்குள் போகத்தான் போகிறார். ஆரம்பத்திலேயே சுற்றிப் போகப் பழக்கினால் அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் அன்று இருந்த தயாரிப்போடு அனுப்பியிருக்கக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

மறுபடியும் அதே வழி

கூடுதல் பயிற்சி முடிந்த பிறகு அதே பயணத்தை மாணவர் தனியாகப் போனார். 20 மைலில் அழைத்தார். பதில்: "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை." தரையில் நான் அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன், கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. நீர்த்தேக்கத்தின் மேல் இடப்பக்கமாகத் திரும்பினார். ஒரு வட்டம். மறுபடி அழைத்தார், அலைவரிசையில் வேறு இருவர் பேச்சு. இன்னொரு வட்டம். மூன்றாவது அழைப்புக்குக் கன்ட்ரோலர் அவர் கால்சைனைச் சொல்லி, காத்திருந்ததற்கு நன்றி என்று சேர்த்து, எண் கொடுத்தார்.

சேர்ந்தபின் எனக்கு வந்த குறுஞ்செய்தியில் இரண்டே விவரம் இருந்தது: இறங்கிய நேரம், தாமதம் 5 நிமிடம்.